டன்வேகன் கழியில் ஒரு படகுப் பயணம்

ஸ்கொத்லாந்து தேசத்தின் மேற்குக் கரையை அடுத்து ஸ்கை என்னும் தீவொன்று உண்டு. அங்கே கடலானது நிலத்தினுள் நெடுந்தூரம் புகுந்து கிடக்கும் கழிகளை அவ்வூரார் 'லொக்' என்பர். அவற்றுள் ஒன்றாகிய டன்வேகன் கழியிலே, கோடைகாலத்தில் ஒரு நாள், நாம் சிறு படகொன்றில் ஏறி உலாவி வந்தோம். கோடை என்றோமேயன்றி, கம்பளிச் சட்டையின்மேல் மழைச்சட்டையும் அணிந்தே அமர்ந்திருந்தோம் என்பதை நேயர்கள் அறிதல் நன்று.

பாறைத்திட்டுகளிலே சீல் எனப்படும் கடல்நாய்கள் குட்டிகளோடு படுத்திருந்தன. படகு அருகிற் சென்றும் அவை அசைந்தில. பெரிய கரிய விழிகளால் எம்மை ஒருமுறை நோக்கிவிட்டு மீண்டும் கண்ணயர்ந்தன. வேடிக்கை பார்க்க வந்தவர் யாவர் என்ற ஐயம் எமக்கே உண்டாயிற்று.

படகு திரும்பியதும், பாறையின்மேல் எழுந்து நிற்கும் கோட்டை கண்ணிற் பட்டது. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளாக மக்ளவுட் குலத் தலைவர்களின் இருப்பிடம் அது. 1748ஆம் ஆண்டு வரை கடலை நோக்கிய வாயில் ஒன்றே அதனுட் புகும் வழியாக இருந்தது. அக்காலத்துப் பகை அத்தகையது. 1578இல் மக்டொனால்ட் குலத்தார் கடல்வழி வந்து, அயலிலுள்ள ட்ரம்பன் தேவாலயத்தை, உள்ளே வழிபட்டிருந்த மக்ளவுட் மக்களோடு கொளுத்தினர் என்பர். மக்ளவுட்கள் அன்றே பழிதீர்த்தனர். அதற்கு முந்திய ஆண்டில் மக்ளவுட்கள் எய்க் தீவின் குகையொன்றிலே பகைவரைப் புகையிட்டுக் கொன்றமைக்கு இது பதில் என்பது மரபுவழிக் கதை.

ஆயினும் எம் மனத்தைத் தொட்டது போர்க்கதையன்று. குலத்தைக் குறிக்கும் 'கிளான்' என்ற சொல்லுக்குக் கேலிக் மொழியிலே 'பிள்ளைகள்' என்பது பொருள். 1739இலோ, தம் குடிகளிற் பலரை அமெரிக்காவில் விற்பதற்குக் கப்பலேற்றிய பாதகத்தில் இக்கோட்டைத் தலைவருக்கும் பங்குண்டு எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. கப்பல் அயர்லாந்தில் ஒதுங்கியதால் அவ்வேழைகள் தப்பினர். அவர் வழிவந்த இருபத்தைந்தாம் தலைவர் நோர்மன் மக்ளவுட்டின் காலத்தில், 1846 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி ஊரெங்கும் பஞ்சம் பரவிற்று. அவர் தம் செல்வம் முழுவதையும் செலவிட்டுக் குடிகளுக்கு உணவளித்தார், கடனாளியானார். ஈற்றில் கோட்டையை வாடகைக்கு விட்டு, இலண்டனுக்குப் போய் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக அமர்ந்தார்! முன்னவர் பெயரும் நோர்மன்தான்.

துறையில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கோட்டையினுள் நாம் கண்ட தேவதைக் கொடியைப் பற்றி அடுத்த வாரம் எழுதுவோம்.