வேகமா, இரகசியமா?

பெரிய நிறுவனங்களின் கணினிகள் ஒன்றுக்கொன்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. அவற்றின் நடுவே தபாலாபீஸ் போல வேலை பார்க்கும் மென்பொருள்களில் ஒன்று ‘காஃப்கா’. அமெரிக்காவின் லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவான இதன் மூல நிரல் 2011-ல் பொதுவில் வைக்கப்பட்டது. யாரும் படித்துத் திருத்தலாம்.

இதன் வேகத்துக்குக் காரணம் சிக்கனமே. செய்திகளைக் கட்டுக் கட்டாக அனுப்புகிறது. வட்டில் அங்குமிங்கும் அலையாமல் வரிசையாக எழுதுகிறது. சாதாரண முறையில், வட்டிலுள்ள செய்தி வெளியே போவதற்குள் நான்கு முறை பிரதியாகிறது. ‘சென்ட்ஃபைல்’ என்ற கட்டளையைக் கொண்டு வீண் பிரதிகளைக் காஃப்கா தவிர்த்துவிடுகிறது. 2014-ல் அதை உருவாக்கியவர்கள் நடத்திய சோதனையில், மூன்று சாதாரணக் கணினிகளில் ஓடிய காஃப்கா வினாடிக்கு 20 லட்சம் சிறு செய்திகளை ஏற்றது.

ஆனால், செய்தியைச் சங்கேதமாக்கிப் பூட்டி அனுப்புவதென்றால் இந்தக் குறுக்குவழி அடைபட்டுவிடுகிறது. பூட்டுவதற்காக மென்பொருள் செய்தியைத் தன் கையில் வாங்கியே தீரவேண்டும். பிரதியும் கூடுகிறது, வேலையும் கூடுகிறது.

வங்கிக் கணக்கும் நோயாளியின் குறிப்பும் செல்லும் பாதையில் எதை விட்டுக்கொடுப்பது? குறைந்த வேகத்தை இன்னொரு கணினி வாங்கி ஈடுகட்டலாம். வெளியே போன இரகசியத்தை எந்த விலை கொடுத்தும் மீட்க முடியாது.