அரை மாத்திரை

சென்ற மாதம் ஒரு மத்தியானம் எங்கள் மாடி வீட்டுப் பெண் கீழே இறங்கி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு குழந்தைகள், ஆபீஸ் உத்தியோகம் வேறு. கையில் ஒரு மாத்திரை அட்டை.

"அக்கா, உங்க வீட்டிலே சின்னக் கத்தி இருக்குமா? மாத்திரையைக் கையாலே உடைச்சா தூளாப் போயிடறது."

வாங்கிப் பார்த்தேன். எஸ்சிடலோப்ராம், 10 மில்லிகிராம். மனச்சோர்வுக்குத் தருகிற மாத்திரை. ஒரு வருஷத்துக்கு முன் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு அழுவாள். பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். டாக்டர் முதல் வாரம் 5, பிறகு 10 என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் முகம் தெளிந்தது. உடனே வீட்டில், "இந்த மாத்திரையை எத்தனை நாள்தான் முழுங்குவே?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். உடம்பும் கொஞ்சம் போட்டிருந்தது. பாதியாக்கினாள். அப்புறம் அந்தப் பாதியையும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினாள்.

"நிறுத்தலையே அக்கா! சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?" என்றாள்.

"இப்போ எப்படி இருக்கே?"

"ஏதோ, சுமாரா இருக்கேன்."

இந்தச் 'சுமார்' இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

ஆவக்காய் போடத் தெரியாதவர்களா நீங்கள்? உப்பு உடம்புக்கு ஆகாதென்று பாதி உப்புப் போட்டு ஜாடியை மூடினால் என்ன ஆகும்? நாலு நாள் ஊறுகாய் மாதிரியேதான் இருக்கும். பிறகு பூசணம் பூக்கும். மனச்சோர்வு மாத்திரைகளிலும் இப்படி ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. மூளையில் செரடோனின் என்ற ரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வாயில்கள் இருக்கின்றன. இந்த ஜாதி மாத்திரைகளைச் சாதாரணமாக எழுதித் தரும் குறைந்த அளவில் சாப்பிட்டால், அவ்வாயில்களில் ஐந்தில் நான்கு பங்கு அடைபடுகிறது என்று 2004-ல் கனடாவில் மூளையைப் படம் பிடித்துக் கணக்கிட்டார்கள். அதற்கு மேல் அளவை ஏற்றிக்கொண்டே போனால் குணம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, தொந்தரவுதான் கூடுகிறது. ஆகவே இதைப் படித்துவிட்டு இன்றிரவே இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொள்ளாதீர்கள், தாயே!

இது இன்று நேற்று வந்த தகராறு அல்ல. 1956-ல் ஸ்விட்ஸர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற டாக்டர், இமிப்ரமின் மருந்து சோர்ந்த மனத்தைத் தூக்கி நிறுத்துவதைக் கண்டார். அந்தக் குடும்பத்து மருந்துகளில் நாக்கு வறளும், மலச்சிக்கல் வரும், தூங்கி வழியும். அதனால் பல இடங்களில் தயங்கித் தயங்கி, அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம் ராத்திரிக்கு என்று கொடுத்து வந்தார்கள். தூக்கம் வந்தது; துக்கம் போகவில்லை. மனச்சோர்வுக்கு அதில் சாதாரணமாக 75 முதல் 150 வரை தேவைப்படும். ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் 10, 25 என்று தருவது வேறு கணக்கு. வயதானவர்களுக்கும் ஈரல் கோளாறுள்ளவர்களுக்கும் டாக்டரே குறைத்துத்தான் எழுதுவார். அது குறைவல்ல, அவர்களுக்கு அதுதான் அளவு.

நாமாகக் குறைப்பதால் வரும் நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரியாது. வியாதி முக்கால்வாசி போய், கால்வாசி தங்கிவிடும். அரைகுறைத் தூக்கம், எடுத்ததற்கெல்லாம் அலுப்பு, கணக்கில் மறதி, குழந்தைமேல் எரிச்சல். 'என் சுபாவமே இதுதான்' என்று அந்தப் பெண்ணே நம்பத் தொடங்குகிறாள். இப்படி மிச்சம் வைத்தவர்களைத்தான் வியாதி மறுபடி சீக்கிரம் தேடி வருகிறது. ஒரு முறை வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மறுமுறை வருவதுண்டு. ஒவ்வொரு தடவை வந்து போகும்போதும் அடுத்த தடவைக்கான வாய்ப்பு கூடுகிறது. இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. பாதி அளவு தின்றதை டாக்டரிடம் மறைத்தால், 'இந்த மருந்து இவளுக்குக் கேட்கவில்லை' என்று எழுதிவிட்டு வேறு மருந்துக்குப் போய்விடுவார். நல்ல மருந்து ஒன்று அநியாயமாகத் தள்ளுபடி!

ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது இன்னும் மோசம். எஸ்சிடலோப்ராம் சுமார் 30 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். இரண்டாம் நாள் முடிவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். தலைசுற்றல், துர்க்கனவு, மண்டைக்குள் மின்சாரம் சுண்டிவிட்டாற்போல் ஒரு வெட்டு, காரணமில்லாத கோபம் எல்லாம் வரலாம். எங்கள் மாடிப் பெண்ணுக்கும் அந்த வெட்டு இருந்தது. மாத்திரையின் விஷம் என்று எண்ணி இன்னும் குறைத்திருக்கிறாள், பாவம்.

ஏன் குறைக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். கெட்டிக்காரத்தனம் மட்டும் காரணமல்ல. குமட்டல், எடை, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற பயம், தாம்பத்தியத்தில் நாட்டமின்மை. கடைசியில் சொன்னதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னவர்கள் எத்தனை பேர்? சொன்னால் வழி உண்டு. மருந்தை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம். பால் கொடுப்பவர்களுக்கு ஸெர்ட்ரலின் போன்றவற்றை விரும்பித் தருகிறார்கள். நிறுத்தவும் முறை உண்டு. குணம் தெரிந்த பிறகும் குறைந்தது 6 மாதம் முழு அளவில் இருந்து, பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் டாக்டர் படியிறக்குவார். அப்படிப் பதமாக நிறுத்திப் பார்த்த ஒரு சோதனையின் முடிவு 2021-ல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்தது. நெடுநாள் சாப்பிட்டு நலமாக இருந்தவர்களில், நிறுத்தியவர்களில் 100-க்கு 56 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் வியாதி திரும்பியது. தொடர்ந்தவர்களில் 39 பேருக்கு. நிறுத்திய அத்தனை பேருக்கும் திரும்பவில்லை என்பதையும் கவனியுங்கள்.

வாழவே வேண்டாமென்ற எண்ணம் தலைகாட்டினால் மட்டும் மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. டெலி-மானஸ் என்ற அரசாங்க டெலிபோன் எண் 14416. இராப்பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கத்தியை நான் கொடுக்கவில்லை. பதிலுக்கு ஒரு தாளும் பென்ஸிலும் கொடுத்தேன். எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு விழுங்கினாள் என்பதை ஒளிக்காமல் எழுதச் சொல்லி, சனிக்கிழமை நானும் கூடப் போனேன். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தாளை இரண்டு தடவை படித்தார். முதலில் தினமும் 5, ஒரு வாரம் கழித்து 10, நான்கு வாரத்தில் வந்து பாருங்கள் என்றார்.

அந்த நான்கு வாரத்துக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருக்கிறது.