குதிரை படுக்க வேண்டும்

நின்றுகொண்டே தூங்கும் விலங்கு எது? நான்காம் வகுப்பு வினாடி வினாவிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழு வரை இதற்கு ஒரே பதில்தான். குதிரை. பதில் சொன்ன பிள்ளைக்கு ஒரு பென்சில் பாக்ஸ் கொடுத்து அனுப்பிவிடுவோம். அந்தப் பிள்ளை வளர்ந்து கல்யாணம் செய்துகொள்ளும்போது மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு குதிரையை வாடகைக்கு எடுக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு, டிஜே சத்தத்துக்கு நடுவே, ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் அந்தக் குதிரையைப் பார்த்து, “பாவம், நின்னுக்கிட்டே தூங்குது பாரு” என்று செல்ஃபி எடுக்கும்.

அந்தப் பொது அறிவு பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததால் நாம் குதிரைகளைச் சித்திரவதை செய்கிறோம். பெரிய வார்த்தைதான், யோசித்துத்தான் போடுகிறேன்.

முதலில் உண்மையான பாதி. குதிரையின் பின்னங்காலில், நம் முழங்கால் சில்லுக்கு இணையான ஒரு சில்லு இருக்கிறது. குதிரை உடம்பைச் சற்றுத் தளர்த்தியதும் அது தொடையெலும்பின் ஒரு மேட்டில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். முழங்கால் பூட்டினால் கணுக்காலும் கூடவே பூட்டிக்கொள்ளும். முன்னங்கால்களில் தசைநார்கள் தூளிக்கயிறு மாதிரி எடையைத் தாங்கிக்கொள்கின்றன. தசைக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு பின்னங்காலைப் பூட்டிக்கொண்டு மற்றதைக் குளம்பு நுனியில் ஊன்றி நிற்கும் குதிரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றும். திறந்த வெளியில் மேயும் விலங்கு, புலியோ ஓநாயோ வந்தால் அடுத்த நொடி ஓடியாக வேண்டும். அதற்காகப் பரிணாமம் செய்து கொடுத்த ஏற்பாடு. அருமையான எஞ்சினியரிங், சந்தேகமே இல்லை.

ஆனால் தூக்கம் ஒரே சரக்கு இல்லை. கண் படபடக்கும் கனவுத் தூக்கம் என்று ஒன்று தனியாக இருப்பதை 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் மனிதர்களிடம் கண்டார்கள். அந்த நேரத்தில் உடம்பின் தசைகள் அறவே செயலற்றுப்போகின்றன என்பதை அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சில் மிஷேல் ஜூவே பூனைகளிடம் காட்டினார். பிறகு அதே பிரான்சின் துலூஸ் நகரில் ஈவ் ரக்கெபுஷ் பண்ணை விலங்குகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார். அதில் குதிரையும் உண்டு. இந்த வேலைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் படம் இது: குதிரை ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் தூங்குகிறது. அதில் பெரும்பகுதியை நின்றபடியே முடித்துக்கொள்ளும், ஆழ்ந்த தூக்கத்தின் ஒரு பங்கு உட்பட. கனவுத் தூக்கம் மட்டும் நின்றபடி வராது. தசையெல்லாம் தளர்ந்த பிறகு 400 கிலோ உடம்பை எந்தக் கொக்கியும் தாங்காது. அதற்குக் குதிரை கீழே படுத்தாக வேண்டும். நெஞ்சை ஊன்றி முகவாயைத் தரையில் வைத்தாவது, பக்கவாட்டில் காலை நீட்டியாவது. மொத்தமே முக்கால் மணி நேரம் போலத்தான். அதையும் ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாகத் தூங்கி எழும்.

அந்த முக்கால் மணி நேரம்தான் இங்கே பிரச்சினை.

அது கிடைக்காத குதிரை சில நாள் சமாளிக்கும். பிறகு நிற்கிற தூக்கத்திலிருந்தே கனவுத் தூக்கத்துக்குள் வழுக்கி விழ ஆரம்பிக்கும். தலை மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும், மூக்கு தரையைத் தொடும் அளவுக்கு. உடம்பு முன்னும் பின்னும் ஆடும். திடீரென்று முன்னங்கால்கள் மடங்கும். முட்டி தரையில் இடித்ததும் திடுக்கிட்டு விழித்து எழுந்து நிற்கும். கால் மணி நேரம் கழித்து மறுபடியும். ராத்திரி முழுக்க இப்படியே. பஸ்ஸில் நின்றபடி தூங்கி விழுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஊர் வந்துவிடும், இறங்கிப்போய்ப் படுத்துக்கொள்வார்.

இப்படி விழும் குதிரைகளுக்கு நார்கோலெப்சி என்னும் தூக்க மயக்க நோய் என்று மருத்துவர்களே ரொம்ப காலம் பெயர் எழுதிவந்தார்கள். அந்த நோய் உண்மையிலேயே உண்டு. சில இனங்களில் குட்டிகளிடமே தெரியும். ஆனால் வளர்ந்த பிறகு விழத் தொடங்கும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூளையில் கோளாறு எதுவும் இல்லை, அவை படுக்காமல் இருக்கின்றன, அவ்வளவுதான் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஜோசப் பெர்ட்டோன் எடுத்துச்சொன்னார். ஏன் படுப்பதில்லை? மூட்டு வலியோ வேறு வலியோ இருந்தால், படுத்து எழுவதே கொடுமையாகிவிடும். இடம் பாதுகாப்பாகத் தெரியாவிட்டாலும் படுக்காது. ஒன்று படுக்கும்போது இன்னொன்று நின்று காவல் காப்பது மந்தையின் வழக்கம், தனிக்குதிரைக்கு அந்தக் காவல் கிடையாது. இதெல்லாம் சரியாக இருந்தாலும் தரை ஈரமாகவோ கல்லாகவோ இருந்தால் படுக்காது. இடமே இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது மோகனூரிலிருந்து நாமக்கல் போகும் வழியில் ஒரு காலி மனையில் கட்டியிருக்கும் வெள்ளைக் குதிரை. கல்யாணத்துக்கும் கோயில் ஊர்வலத்துக்கும் வாடகைக்குப் போவது. ஒற்றைக் குதிரை, சிமென்ட் தளம், தகரக் கூரை. மூக்கணாங்கயிறு நீளத்துக்கு மேல் போகாத ஒரு கயிறு. தலையைத் தரை வரை கொண்டுபோக அது விடாது. இரண்டு முன்னங்கால்களிலும் முட்டிக்கு முன்னாலும், குளம்புக்கு மேலே உள்ள கணுவிலும் முடி உதிர்ந்து வட்ட வட்டமாகத் தழும்பு.

“ஏனுங்ணா, ராத்திரில இது படுக்குமுங்களா?” என்று கேட்டேன்.

“குதிரை எங்க தம்பி படுக்கும்? படுத்துச்சுன்னா சீக்குன்னு அர்த்தம். வயித்துவலி வந்தாத்தான் படுத்துப் பொரளும்.”

“முட்டியில காயமா இருக்குதுங்களே?”

“அது வண்டியில ஏத்தி எறக்கறப்ப படறதுதான். ரொம்பச் சாதுங்க இது. சின்னக் கொழந்தைய உக்கார வெச்சாக்கூட அசையாது.”

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. குதிரைக்குக் கொள்ளு ஊறப்போட்டு வைத்திருந்தார், கழுத்தில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு கட்டியிருந்தார். வயிற்றுவலி வந்த குதிரை படுத்துப் புரளும் என்பதும் சரிதான். ஆனால் அந்த ஒரு சரியான தகவலிலிருந்து ‘ஆரோக்கியமான குதிரை படுக்கவே படுக்காது’ என்ற முடிவுக்குத் தாவிவிட்டார். தாவ உதவியது அதே நான்காம் வகுப்புப் பொது அறிவு. குட்டைக் கயிறு அவருக்குக் கொடுமையாகத் தெரியவில்லை. நின்றே தூங்குகிற பிராணிக்கு எதற்கு நீளக் கயிறு? அந்த அசையாத சாதுத்தனம் எதனால் வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. குழந்தை முதுகில் இருக்கும்போது முட்டி மடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம்கூட வேண்டியதில்லை.

இது இன்று நேற்று வந்த அறியாமையும் இல்லை. பாண்டிய நாட்டுக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கிய 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ இங்கே வந்தார். இந்த நாட்டு அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை, காரணம் இவர்களுக்குப் பராமரிக்கத் தெரியவில்லை என்று எழுதினார். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்குப் போடுகிறார்களே என்று அவருக்கு ஆச்சரியம். அவர் கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் சற்றுப் பின்னால் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்வதும் அதே திசையில்தான் போகிறது. காயல் போன்ற துறைமுகங்களில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள், தலைக்கு 220 பொன் தினார் என்கிறார். வாங்கியவுடன் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கொழுக்க வேண்டும் என்பதற்காக நாற்பது நாட்கள் லாயத்தில் கயிற்றாலும் முளையாலும் பிணைத்துவைக்கிறார்களாம். நாற்பது நாள்! அந்தக் குதிரைகள் செத்ததற்குச் சோறும் வெயிலும்தான் காரணம் என்று வரலாற்றுப் புத்தகங்களில் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அந்த நாற்பது இரவுகளில் அவை படுத்தனவா என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

நம் கலையும் இதற்கு உடந்தை. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் குதிரை முன்னங்காலைத் தூக்கிப் பாய்கிறது. அய்யனார் கோயில் மண்குதிரை விறைத்து நிற்கிறது. படுத்திருக்கும் நந்தி ஊருக்கு ஊர் உண்டு. படுத்திருக்கும் குதிரைச் சிலை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, பதினோராம் பிரிவு, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான சங்கிலியிலோ கயிற்றிலோ நியாயமற்ற நேரம் விலங்கைக் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல். ஆமாம், ஐம்பது. கல்யாண மண்டப வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவருக்கு அதைவிட அதிகம் கிடைக்கும். பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965 விதிகள் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியாக வாங்காதே என்கின்றன. நல்லதுதான். ஆனால் வேலை முடிந்த குதிரை ‘ஓய்வில்’ இருப்பதாகக் கணக்கு. குட்டைக் கயிற்றில் நிற்பது எந்தக் கணக்கில் வரும்?

“மனுஷனுக்கே தூக்கம் இல்ல, குதிரைக்கு வக்காலத்தா?” என்று என் நண்பர்களே கேட்டார்கள். என் தொழிலில் இரண்டு ராத்திரி கண் விழித்து ரிலீஸ் முடித்தவனுக்கு மீட்டிங்கில் கைதட்டல் கிடைக்கும். நாமக்கல் மாவட்டத்தில் தூங்காமல் வண்டி ஓட்டிச் சரக்கை இறக்கிய டிரைவரைப் பற்றிச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வரும். தூக்கத்தை வென்றவன் வீரன் என்ற இந்த நினைப்பைத்தான் நாம் குதிரை மேலும் ஏற்றியிருக்கிறோம் என்பது என் குற்றச்சாட்டு. அதோடு, இந்த மாவட்டம் இந்த விஷயத்தில் தெரியாத மாதிரி நடிக்கவே முடியாது. லாரிக்கு பாடி கட்டும் நம் பட்டறைகளில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்க ஒரு பலகை வைக்கிறார்கள். நாள் கணக்கில் ஓடும் வண்டியில் உட்கார்ந்தே தூங்கிக்கொள்ளலாம் என்று எந்த ஆசாரியும் சொல்வதில்லை. கறிக்கோழிக் குஞ்சுக்குத் தென்னை நார்க்கழிவில் மெத்தை போடுகிறோம், ஈரமாகிவிட்டதா என்று கிளறிப் பார்க்கிறோம். ஆறு வாரத்தில் கறியாகப் போகிற உயிர் அது. பத்து வருஷம் சம்பாதித்துக் கொடுக்கும் குதிரைக்கு சிமென்ட் தளம்.

காசில்லை என்பது முழுக் காரணமாக முடியாது. மோகனூரைச் சுற்றிக் கரும்புக் காடு, கரும்புச் சோகையைக் கொளுத்திவிடுகிறார்கள். வைக்கோலும் நார்க்கழிவும் கிடைக்காத ஊரா இது? ஒரு சாண் கனத்துக்குக் காய்ந்த படுக்கை, குதிரை காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஒரு தடுப்பு அறை, அதற்குள் கயிறே இல்லாமல் விடுவது, கண்ணில் படும் தூரத்தில் துணைக்கு இன்னொரு குதிரை. கடைசிதான் செலவு, ஒப்புக்கொள்கிறேன். இதையெல்லாம் செய்தும் படுக்காவிட்டால் அதற்கு எங்கோ வலிக்கிறது என்று அர்த்தம். நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது, கூட்டிப்போக வேண்டியதுதான்.

கொடைக்கானல் ஏரிக்கரையில், மெரினாவில், பொருட்காட்சித் திடலில் பிள்ளையைக் குதிரை ஏற்றும் பெற்றோரும், மாப்பிள்ளை அழைப்புக்கு முன்பணம் கொடுக்கும் மாமாக்களும்தான் இந்தச் சந்தையின் முதலாளிகள். உரிமையாளர்கள் நம் காசுக்காகத்தான் ஒரே வாரத்தில் நாலு முகூர்த்தத்துக்கு ஒரே குதிரையை ஓட்டுகிறார்கள். கேட்டரிங்காரரிடம் எந்தக் கடை நெய் என்று கேட்கிற நமக்கு, குதிரைக்காரரிடம் நேற்று ராத்திரி இது எங்கே இருந்தது என்று கேட்க வாய் வராதா?

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். மார்வாரி, கத்தியவாரி என்று அழகழகான குதிரைகள் நிற்கும். இந்த இனங்களுக்குப் பூர்வீகம் ராஜஸ்தானும் குஜராத்தும். அங்கிருந்து லாரியில் வரும் குதிரைக்கு வழிநெடுகப் படுக்க இடம் இருக்காது. வாங்க வருகிறவர்கள் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அடுத்த ஆடிக்குப் போகிறவர்கள் குனிந்து முன்னங்கால் முட்டியையும் குளம்புக்கு மேலே உள்ள கணுவையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். முடி உதிர்ந்து தோல் தடித்திருந்தால் விலையைப் பேசுவதற்கு முன்னால் அது கடைசியாக எப்போது படுத்தது என்று கேளுங்கள்.