எழுத்தில்லாப் பங்கு

வர்த்தகச் சட்டத்தரணியின் தொழில் என்றால், கறுப்பங்கி அணிந்து கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தில் கோடிக்கணக்கான ரூபாவைப் பற்றி வாதாடுவதே என்று பலர் எண்ணுகிறார்கள். அத்தகைய வழக்குகளும் உண்டு. அவற்றைத் திறம்பட நடத்தும் மேதாவிகளும் உண்டு. ஆயின் கடுகண்ணாவையில் குடியிருந்து, கண்டி மாவட்ட நீதிமன்றத்துக்கும் காணிப் பதிவகத்துக்குமாகப் போய்வருகின்ற என் போன்றோருக்கு, நாளின் பெரும்பகுதி பழைய உறுதிகளைப் படிப்பதிலும், கசங்கிய பற்றுச்சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குவதிலும், வியாபாரிகள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற விஷயங்களை மெல்லக் கேட்டறிவதிலுமே கழிகிறது.

இங்குள்ள சிறிய கடையொன்றின் விவகாரம்கூட எத்தனை சட்டங்களுக்கு உட்பட்டிருக்கிறது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்புண்டாகிறது. கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரத்தைத் தாண்டி வருகையில், மிளகும் கராம்பும் சாதிக்காயும் விற்கும் கடைகள் இருமருங்கிலும் தென்படுகின்றன. அத்தகைய கடையொன்று நிற்கும் நிலத்தின் உடைமையை ரோமன் டச்சுச் சட்டம் ஆள்கிறது. நிலச் சொந்தக்காரர் கண்டிச் சிங்களவராயின் அவருக்குப் பின் அது யாரைச் சேரும் என்பதைக் கண்டிச் சட்டம் தீர்மானிக்கிறது. கடையின் பங்காளிகளுக்கிடையிலான உறவோ, 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் வழியாக இந்நாட்டுக்கு வந்த ஆங்கிலச் சட்டத்துக்கு அமைந்தது. மிளகு மூட்டை கைமாறுவதற்கு 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் வேறு இருக்கிறது. இவற்றையெல்லாம் கடைக்காரர் அறிந்திருக்க வேண்டுவதில்லை. அறிந்து சொல்வதற்காகவே நாங்கள் இருக்கிறோம்.

ஆனால் அவர் அறியாதிருப்பதால் பெருநஷ்டம் விளையும் இடங்கள் சில உள. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச்சட்டப்படி, விற்றுக் கொடுத்த சரக்கின் விலைக்கும், கடைக் கணக்குக் கொப்பியில் நிற்கும் கடனுக்கும், பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கிட வேண்டும். வாடிக்கையாளரின் முகம் கோணக்கூடாதென்று ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளிவரை பொறுத்துவிட்டு, அதற்கும் பிறகு கொப்பியைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் நான் என்ன சொல்வது? இடையில் கடன்காரரிடம் ஒரு வரி எழுதுவித்துக் கையொப்பம் வாங்கியிருந்தால் அந்நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கியிருக்கும்.

இதனினும் என் மனத்தை வருத்துவது பங்கு வியாபாரம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் 18ஆம் பிரிவு, ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட மூலதனத்துடன் கூடிய பங்குடைமையானது எழுத்தில் அமைந்து, சம்பந்தப்பட்டவர் கையொப்பமிட்டிருந்தாலன்றிச் செல்லாது என்கிறது. 1915இல் பேட் எதிர் பேட் என்னும் இலங்கை வழக்கில் இலண்டன் கோமறைக் கழகமும் இவ்விதியின் கடுமையை நிலைநாட்டிற்று. ஆயிரம் ரூபா என்பது அக்காலத்தில் பெரிய வணிகரின் முதல். இன்றோ அது ஒரு கடையின் தராசுக்குக்கூடப் போதாது. ஆகவே பெருவர்த்தகரை உத்தேசித்து வகுத்த விதி, தெருவோரத்துத் தேங்காய்க் கடையின் மீதும் அதே பாரத்துடன் இறங்குகிறது. இத்தொகையைக் காலத்துக்கேற்ப உயர்த்துவது நீதிக்கு அவசியமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

தோட்டத்து லயத்தில் பிறந்து, பெற்றோரின் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தையும் மனைவியரின் நகையையும் ஒன்றுசேர்த்துப் பலசரக்குக் கடை வைத்த சகோதரர் இருவர் என்னிடம் வந்தார்கள். வந்த காரியம் கடைக்கான குத்தகை உறுதி. அது முடிந்ததும், உங்களுக்குள் பங்கு எப்படி என்று கேட்டேன்.

"ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க ஐயா, எங்களுக்குள்ள எழுத்து எதுக்குங்க?" என்றார் மூத்தவர். இளையவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்து கேட்பது அவநம்பிக்கை என்று கருதும் இந்த உயர்ந்த மனப்பான்மையை நான் அவமதிக்க மாட்டேன். எங்கள் மக்கள் கடல் கடந்து வந்து மலையில் வேரூன்றியது ஒருவர் வாக்கை மற்றவர் நம்பியதனால்தான். எனினும் சகோதரர் இருவரும் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்வரை எழுத்தின் தேவை எழுவதில்லை. ஒருவர் மறைந்தபின் மற்றவரின் மனைவிக்கும் மறைந்தவரின் மனைவிக்கும் இடையேதான் அது எழுகிறது. வேறு உடன்படிக்கை இல்லாவிடில் ஆங்கிலச் சட்டப்படி பங்குடைமை மரணத்தோடு கலைந்துபோம். எழுத்தே இல்லாதவிடத்தோ, நகை கொடுத்த பெண்மணி பங்குடைமை இருந்ததென்று கூறி நீதிமன்றத்தில் கணக்குக் கேட்கவும் வழியின்றி நிற்பாள்.

இதைச் சொன்னபோது இளையவர் தலைநிமிர்ந்து, "அண்ணி நகைதாங்க கூட" என்றார். மூத்தவருக்கு அது தெரியாததல்ல. தம்பி அதை நினைவில் வைத்திருக்கிறான் என்பதே அவருக்குப் புதிது போலும், சற்றுநேரம் பேசவில்லை.

பங்கு உடன்படிக்கைக்கு நொத்தாரிசின் முத்திரைகூடக் கட்டாயமன்று. யார் எவ்வளவு போட்டது, இலாபம் எவ்விகிதம், காசோலையில் யார் கையொப்பம், ஒருவர் விலகினால் சரக்கை மதிப்பிடுவது யார் என்பவற்றைத் தமிழிலேயே எழுதினோம். இவையெல்லாம் விரைவில் முடிந்தன. மரணம் பற்றிய வாசகத்துக்குத்தான் அன்று பிற்பகல் முழுவதும் சென்றது. மனைவி பங்காளியாகத் தொடர்வதா, அன்றிப் பங்கின் பெறுமதியைப் பணமாகப் பெறுவதா என்பதில், அண்ணன் தம்பியின் மனைவிக்காகவும் தம்பி அண்ணனின் மனைவிக்காகவும் வாதாடினார்கள். இறுதியில், தெரிவு அப்பெண்மணிக்கே உரியது என்றும், அதைச் சொல்ல அவருக்கு ஆறு மாதத் தவணை என்றும் எழுதி, இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டார்கள்.