முகாம் முடிந்த மறுநாள் யார் பார்ப்பது?



கோடை விடுமுறை நெருங்கியதும் மில்லிக்கனில் எம்மவர் வீடுகள் பலவற்றில் பயணப்பெட்டிகள் திறக்கப்படுகின்றன. ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ஸ்காபரோவானாலும் வடக்கே மார்க்கமானாலும் காட்சி ஒன்றுதான். காய்ச்சல் குளிசைகள், விற்றமின் போத்தல்கள், பற்தூரிகைகள், அவற்றின் மேல் ஒரே நிறத்தில் அச்சிட்ட மேற்சட்டைகள். வன்னியில் ஏதோவொரு பாடசாலையில் மருத்துவ முகாம். பிள்ளைகள் இதனை 'மிசன் பயணம்' என்கிறார்கள். பெற்றோர் முகத்தில் பெருமிதம். அந்தப் பெருமிதத்தைச் சற்றுக் கலைப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மருத்துவன் அல்லன். பொறியியல் படித்துக் கணினித் துறையில் பிழைப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகையதொரு முகாமுக்குத் தொண்டனாகச் சென்றபோது பதிவு மேசை எனக்கு ஒதுக்கப்பட்டது. மூன்று நாள்கள், மூன்று பாடசாலைகள். பெயர், வயது, தரம், உயரம், நிறை, பார்வை, பல் என்று நிரல்கள் அமைத்தேன். கடைசி நிரலுக்கு 'மேல் நடவடிக்கை' என்று தலைப்பிட்டேன். அந்தக் கோப்பு என் மடிக்கணினியிலேயே ரொறன்ரோ வந்து சேர்ந்தது. கடைசி நிரல் ஏறக்குறைய முழுவதும் வெறுமையாக இருந்தது.

தரம் 5 மாணவி ஒருத்தி. சுவரில் தொங்கிய பார்வை அட்டையில் மூன்றாம் வரிக்குமேல் அவளால் வாசிக்க முடியவில்லை. கண் மருத்துவரைக் காணுமாறு எங்கள் மருத்துவர் ஆங்கிலத்தில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். தாயார் கூலி வேலைக்குப் போயிருந்தார். கூட வந்த தமையன் என்னிடம், "மாமா, இதில என்ன எழுதியிருக்குது? எங்க போகவேணும்?" என்று கேட்டான். "பெரியாஸ்பத்திரிக்கு" என்றேன். எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாளில் கண் சிகிச்சைப் பிரிவு நடக்கும் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் குழுவில் எவருக்குமே தெரியாது. ஓராண்டு கழித்து அதிபருடன் தொலைபேசியில் பேசியபோது அவள் புலமைப்பரிசில் பரீட்சையை மூக்குக்கண்ணாடி இல்லாமலேயே எழுதி முடித்திருந்தாள். அதிபர் எங்களை நொந்துகொள்ளவில்லை. அவருடைய அலுமாரியில் நாம் விட்டுவந்த ஆங்கிலச் சிட்டைப் போத்தல்களை என்ன செய்வதென்று மட்டும் கேட்டார்.

நன்கொடை மருந்து போய்ச்சேரும்போது அதன் காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும், சிட்டை அந்நாட்டு மருத்துவப் பணியாளருக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டி வெளியிட்டது 1990களிலேயே. பயணப்பெட்டி கட்டும் நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்?

இனி ஒரு கேள்வி. வெளிநாட்டிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவர் குழுவொன்று நம்மூர்ப் பாடசாலைக்கு வந்து உங்கள் பிள்ளையின் விரலில் ஊசி குத்தி இரத்தச் சீனி பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பிள்ளையின் பெயரும் நோயும் எழுதிய பட்டியலைத் தம் கணினியில் ஏற்றிக்கொண்டு நாடு திரும்புவதாகவும் வைத்துக்கொள்வோம். நீங்கள் சும்மா இருப்பீர்களா? ஒன்ராறியோவில் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2004 முதல் இருக்கிறது. நான் செய்த காரியத்தை இங்குள்ள மருத்துவமனையொன்றில் செய்திருந்தால் வேலையே போயிருக்கும். ஏழைப் பிள்ளை என்றவுடன் சட்டமும் கூச்சமும் நம்மைவிட்டு அகன்றுவிடுகின்றனவா?

தாயகத்தில் ஒன்றுமே இல்லை, நாம் போனால்தான் உண்டு என்றொரு நினைப்பு நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இது அறியாமை. இலங்கையில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை என்பது நெடுங்காலமாக நடந்துவரும் அரச சேவை. சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலைக்கே வந்து தரம் 1, 4, 7, 10 மாணவரைப் பார்க்கிறார்கள். இருநூறுக்குக் குறைவான பிள்ளைகள் படிக்கும் பாடசாலையெனில் எல்லோரையும் பார்க்க வேண்டும் என்பது விதி. வன்னியின் சிறிய பாடசாலைகள் பல இந்த வகையினவே. குறைபாடு கண்ட பிள்ளையைத் தொடர்ந்து கவனிப்பதும் அவர்களது கடமையே. ஆளணிப் பற்றாக்குறை உண்டு, வாகனம் இல்லாத இடமுண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டையும் மருத்துவர்கள் நாட்டைவிட்டு வெளியேறியதையும் நாமெல்லோரும் அறிவோம். ஆனால் ஓட்டை விழுந்த வள்ளத்தை அடைப்பது வேறு, பக்கத்தில் மூன்று நாளுக்கு ஒரு வள்ளம் ஓட்டிக்காட்டிவிட்டுப் போவது வேறு.

'மிசன்' என்ற சொல் யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதல்ல. அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் வந்திறங்கினார். மானிப்பாயில் மருத்துவமனை அமைத்தார். இடையில் சில ஆண்டுகள் தாய்நாடு சென்று மீண்டும் வந்து 1873 வரை பணியாற்றினார். அவருடைய நோக்கத்தில் மதம் பரப்புதலும் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. எனினும் அவர் தமிழ் கற்றார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், 1860களில் கற்பித்தலையே தமிழுக்கு மாற்றினார், அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் மருத்துவரை உருவாக்கினார். அவர் கப்பலேறிய மறுநாளும் மானிப்பாயில் நோயாளியைப் பார்க்க ஆளிருந்தது. நம் பயணமோ இரண்டு வாரம், அதிலும் நான்கு நாள் கடற்கரை.

"ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட இது மேலல்லவா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மேலல்ல. பரிசோதனை முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையைத் தாய்க்கு ஊட்டிவிட்டுச் சிகிச்சை தராமல் போவது ஒன்றும் செய்யாதிருப்பதைவிடக் கேடானது. "நம் பிள்ளைகள் தாயகத்தைப் பார்க்க வேண்டாமா?" என்பது அடுத்த கேள்வி. கட்டாயம் பார்க்க வேண்டும். அம்மம்மா வீட்டில் இருந்து, கிணற்றில் குளித்து, ஒத்த வயதுப் பிள்ளைகளோடு விளையாடிப் பார்க்கட்டும். அதற்கு இதயத்துடிப்புமானி எதற்கு?

இளையோரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க ஒன்ராறியோ கேட்கும் 40 மணி நேரச் சமூக சேவையை மில்லிக்கனிலேயே செய்யலாம். இங்குள்ள முதியோர் பலர் மருத்துவர் சொல்வது விளங்காமல் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். அவர்களோடு அமர்ந்து குளிசைப் பெட்டியின் மேல் தமிழில் எழுதிக் கொடுங்கள். தமிழ் எழுத வராதென்றால் அதைக் கற்பதில் தொடங்குங்கள். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்காக இன்னொரு பிள்ளையின் முகத்தைப் படமெடுக்க உங்களுக்கு உரிமையில்லை.

மருத்துவரும் தாதியரும் போக வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இலங்கையில் உரிய தற்காலிகப் பதிவு பெற்று, அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி எப்போது, எதற்கு வரச்சொல்கிறாரோ அப்போது, அதற்குப் போகட்டும். பல் மருத்துவர் தேவையென்றால் பல் மருத்துவர். கண்ணாடிக்குப் பணம் தேவையென்றால் பணம் மட்டும்.

என் கோப்பைச் சென்ற ஆண்டு தமிழில் அச்சிட்டு அப்பகுதிச் சுகாதாரப் பணிமனைக்கு அனுப்பினேன். பின்னர் மடிக்கணினியிலிருந்து அழித்தேன். பரிசோதகர் ஒருவர் அழைத்தார். மூன்றில் ஒரு பாடசாலையை நாம் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அவர்கள் பார்த்து முடித்திருந்தார்களாம். "வரமுதல் ஒருக்கா எங்களைக் கேட்டிருக்கலாமே, அண்ணை. கண்ணாடிக்குத்தான் எங்களிட்டக் காசில்லை" என்றார்.

இவ்வாண்டுப் பயணத்துக்கு எனக்கும் என் மகனுக்கும் இரண்டு இடம் ஒதுக்கியிருப்பதாக ஏற்பாட்டுக் குழுவினர் அறிவித்தனர். அந்த இரண்டு விமானச்சீட்டுப் பணத்தையும் பரிசோதகர் தரும் பட்டியலின்படி மூக்குக்கண்ணாடி வாங்கவும், தாய்மாரின் பேருந்துக் கட்டணத்துக்கும் அனுப்பிவிட்டதாகப் பதில் எழுதினேன். குழுவிலுள்ள மற்றவர்களும் அவ்வாறே செய்வார்களா என்றும் கேட்டிருக்கிறேன். இதுவரை ஒருவர் மட்டும் சம்மதித்திருக்கிறார்.