தாழ்க்கோல் எவர் கையில்?

அயல்நாட்டு அறிவுப் பணியாளர்க்கு அமெரிக்கா வழங்கும் எச்-1பி பணியிசைவுக்கு, வேலை தரும் நிறுவனம் ஓர் இலக்கம் தாலர் கட்டல் வேண்டுமென்று குடியரசுத் தலைவர் திரம்பு 19.9.2025-இல் ஆணையிட்டார். ஏறத்தாழ 88 இலக்கம் உருபா! இரண்டே நாள்களில் ஆணை நடைமுறைக்கு வந்தது. புதிய விண்ணப்பங்கட்கே அது பொருந்தும் என்னும் விளக்கம் வருமுன்னரே, தாயகம் வந்திருந்தோர் பலர் விடுப்பை முறித்துக்கொண்டு வானூர்தி நிலையங்கட்கு விரைந்தனர். அந்நாட்டில் வேலையை இழந்தவர்க்கு அறுபது நாள் தவணையே உண்டு. அதற்குள் வேறு வேலை கிட்டாவிடின் வெளியேற வேண்டியதுதான்.

தன் வீட்டுக் கதவைத் தாழிடும் உரிமை எந்நாட்டுக்கும் உண்டு. அதனைக் குறைகூறிப் பயனில்லை. தமிழர் தம் மக்களை அடுத்தவர் கதவை நம்பியே வளர்ப்பது ஏன் என்பதே வினா.

இப்பாடம் புதிதன்று. மலேசியாவில் 1969-இல் குடியுரிமையற்றோர்க்குப் பணியிசைவு கட்டாயமாக்கப்பட்டபோது, இரப்பர்த் தோட்டங்களில் காலமெல்லாம் உழைத்த தமிழர் பல்லாயிரவர் நாடு திரும்பினர். அன்று பால் வெட்டிய கை. இன்று கணிப்பொறி தட்டும் கை. படிப்பும் ஊதியமும் உயர்ந்தன. பிறர் எழுதித் தரும் சீட்டில் தொங்கும் வாழ்வு மட்டும் மாறவில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை மக்கள் இதனை நன்கறிவர். தோல் இங்கே பதனிடப்படுகிறது. காலணியின் பெயரும் வடிவமும் விலையும் அயலே முடிவாகின்றன. 27.8.2025-இல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 விழுக்காடு தீர்வை விதித்தபோது தோல் தொழில் கலங்கிற்று. தோலுக்கு நேர்ந்ததே அறிவுக்கும் நேர்ந்தது.

நெமிலி வட்டத்துப் பனப்பாக்கத்தில் 28.9.2024-இல் தாட்டா மகிழுந்துத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 9,000 கோடி உருபா முதலீடு, 5,000 பேர்க்கு வேலை என்று அறிவித்தனர். அவ்வாண்டின் இறுதியில் தைவான் காலணிக் குழுமத்தின் ஆலைக்கும் அங்கேயே அடிக்கல் நாட்டினர். நன்று. ஆனால் அவ்வேலைகள் எத்தகையன? காவலும் சுமையும் பொருத்துதலும் மட்டும் நெமிலிக்கு, வடிவமைப்பும் மேலாண்மையும் பிறர்க்கு என்றால், படித்த பிள்ளை மீண்டும் அயல்நாட்டுக் கதவைத்தான் தட்டுவான். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. அவ்வழிப் படித்தோர்க்கு இவ்வாலைகளில் உரிய இடம் வேண்டும். இப்பகுதித் தொழிற்கல்லூரிகள் இவ்வாலைகட்கு வேண்டிய கல்வியை அளித்தல் வேண்டும்.

செல்வோரைத் தடுக்கச் சொல்லவில்லை. விரும்பிச் செல்வது வேறு. வேறு வழியின்றிச் செல்வது வேறு. ஆலைகளின் பணிமுறை முற்றும் வகுக்கப்பட்ட பின் கேட்டுப் பயனில்லை. நெமிலி மக்கள் அரசிடம் இதனை இன்றே கேட்டல் வேண்டும்.