நிதித்துறையை நாடுவோர் எப்பட்டம் பயில்வது?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகுங் காலந்தோறும் பெற்றோர் நம்மிடம் கொண்டுவரும் வினாக்களுள் ஒன்று இப்பொழுது அடிக்கடி தலைகாட்டுகின்றது. "பையனுக்கு வங்கியிலோ பங்குச் சந்தையிலோ உத்தியோகம் பார்க்க விருப்பம். ஆனால், வணிகபீடம் வேண்டாம். பொருளியலோடு அரசியலும் மெய்யியலும் கணிதமும் கலந்த பட்டமொன்றே வேண்டுமென்கிறான். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்ற கதையாகிவிடாதோ, ஐயா?" என்பதே அவ்வினா.

இவ்வச்சம் நியாயமற்றதன்று. காணியை ஈடுவைத்துப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. மூன்றாண்டு கழித்து, "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்" என்று மட்டும் சொல்லக்கூடிய பட்டதாரியாக அவன் திரும்பி வந்தால், அக்கடனை அடைப்பது யார்?

எனினும், இத்தகைய பட்டம் நேற்று முளைத்த புதுமையன்று. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் மெய்யியல், அரசியல், பொருளியல் ஆகிய மூன்றையும் இணைத்த பட்டப்படிப்பு 1920 இல் ஆரம்பமாயிற்று. முதலாண்டில் மூன்றையும் கற்றுப் பின்னர் வேண்டுமாயின் ஒன்றை விட்டுவிடலாம். கணக்கேடு எழுதும் பயிற்சி அங்கே கட்டாயமன்று. ஆயினும் அதன் பட்டதாரிகள் பலர் இலண்டன் நகரத்து நிதி நிறுவனங்களிற் புகுந்தனர். முதலீட்டுப் பகுப்பாய்வின் தந்தையெனப் போற்றப்படும் பெஞ்சமின் கிரகாம் 1914 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியபோது, ஆங்கிலம், மெய்யியல், கணிதம் ஆகிய மூன்று பகுதியினரும் தம்மிடம் ஆசிரியராகுமாறு அவரை அழைத்தனர். அவரோ வோல் வீதிக்குச் சென்றார். பொருளியல் மேதை கீன்ஸ் பட்டத்துக்குக் கற்றது கணிதமே. இவர்களெல்லாம் மேதைகள், இவர்களைக் காட்டி நம் பிள்ளைகளுக்கு வழி வகுத்தல் தகாது என்று நீங்கள் சொல்லக்கூடும். நாமும் அப்படியே சொல்வோம். ஆகவே, நம் வீட்டு வாசலிலே நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

2022 ஏப்ரல் 12 ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரிலே கொழும்பின் விலைவாசிச் சுட்டி முன்னைய ஆண்டைவிட 69.8 சதவீதம் உயர்ந்து நின்றது. இதன் காரணத்தை ஐந்தொகைகளுள் மட்டும் தேடியவனுக்குப் பாதி விடையே கிட்டியிருக்கும். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அது தேர்தல் வாக்குறுதியின் விளைவு, அரசியல் அறிந்தவனுக்கு விளங்குவது. 2020 இல் கொள்ளைநோய் வந்து உல்லாசப் பயணிகளின் வருகையை முடக்கிற்று. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட, நெல் விளைச்சல் வீழ்ந்தது. அரிசி வாங்க அந்நியச் செலாவணி வெளியே சென்றது. இது பயிர்ச்செய்கையை அறிந்தவனுக்கு விளங்குவது. கடன்முறியின் விலையைக் கணிக்கத் தெரிந்தவனும், வயலில் யூரியா இல்லாவிடில் என்னவாகுமென்று சிந்திக்கத் தெரிந்தவனும் ஒருவனாகவே இருந்திருப்பானாயின், அவனை வேலைக்கமர்த்திய நிறுவனம் பாக்கியம் செய்ததே.

ஆனால், நிதித்துறை என்பது ஒரே உத்தியோகமன்று என்பதைப் பெற்றோர் பலர் மறந்துவிடுகின்றனர். கணக்காய்வுக்குப் போகிறவனுக்குப் பட்டத்தைவிடத் தொழிற்பரீட்சையே முக்கியம். 1959 ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைந்த நமது பட்டயக் கணக்காளர் நிறுவகத்திலே, பட்டமில்லாமலே உயர்தரச் சித்தியோடு சேரலாம். அவன் பல்துறைப் பட்டத்துக்காக அலைவது வீண். முதலீட்டுப் பகுப்பாய்வை நாடுவோர் எழுதும் மூன்று படிப் பட்டயப் பரீட்சைக்கு எத்துறைப் பட்டமும் ஏற்கப்படும். காப்புறுதிக் கணிப்பீட்டுக்கோ கணிதமும் நிகழ்தகவும் இன்றி ஒரு படியும் ஏறல் இயலாது. மத்திய வங்கி போன்ற இடங்களில் நாணயக் கொள்கையை ஆராய விரும்புபவனுக்குத்தான் பொருளியலும் வரலாறும் அரசியலும் கலந்த கல்வி முழுப்பயனையும் தரும். இந்திய ரிசேவ் வங்கியின் ஆளுநராக 2018 முதல் 2024 வரை இருந்த சக்திகாந்த தாஸ் வரலாற்றிலே முதுகலைப் பட்டம் பெற்றவர். ஆனால் அவர் அப்பதவிக்கு வந்தது நெடுங்கால நிருவாக சேவையின் வழியே என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பட்டத்தின் பெயரைக் கண்டு மயங்காமல் பாடத்திட்டத்தை வாங்கி வாசிக்க வேண்டும். புள்ளிவிபரவியல் எத்தனை பருவங்களுக்கு உண்டு? கணக்கியல் ஒரு பாடமாயினும் உண்டா? நுண்கணிதம் கட்டாயமா, விருப்பத்துக்குரியதா? இவை மூன்றுக்கும் "இல்லை" என்ற விடை வருமாயின், அப்பட்டம் எவ்வளவு அழகிய பெயர் பூண்டிருந்தாலும் நிதித்துறைக்கு அது குறுக்குப் பாதையன்று, சுற்றுப் பாதையே. கடல் கடக்கத்தான் வேண்டுமென்பதுமில்லை. பேராதனைக் கலைப்பீடத்திலே பொருளியலும் புள்ளிவிபரவியலும் ஒரே துறையாக இயங்குகின்றன. அங்கே இடங்கிடைத்த பிள்ளை கணக்கியலை வெளியிலே தனியாகக் கற்றுக்கொள்ளலாம். பட்டத்தையும் தொழிற்பரீட்சையையும் முதலாண்டிலேயே ஒருங்கே சுமப்பதை மாத்திரம் நாம் விரும்புவதில்லை. அவ்வாறு தொடங்கி, இரண்டிலும் நடுவழியில் நின்றுபோனோரைக் கண்டிருக்கின்றோம்.

பையனுக்கு இத்துறையிலே உண்மையான நாட்டமுண்டா என்று அறியச் செலவில்லாத வழியொன்றுமுண்டு. கொழும்புப் பங்குச் சந்தையிற் பதிவாகிய கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் எவரும் வாசிக்கக்கூடியவாறு வெளியிடப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை அவனிடம் கொடுத்து, இலாபம் காட்டிய கம்பனியின் கையிலே காசு ஏன் குறைந்ததென்று ஒரு கிழமைக்குள் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாளே அறிக்கையை மூடிவைப்பவனுக்கு எந்தப் பட்டத்தையும் தெரிவுசெய்ய அவசரப்பட வேண்டாம். குறிப்பெழுதிக்கொண்டு வந்து உங்களைத் தொந்தரவு செய்பவனாயின், விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது அவனது விருப்ப வரிசையிலே கை வையாதிருங்கள்.

காப்புறுதிக் கணிப்பீட்டைப் பற்றி மட்டும் தனியே கேட்டிருக்கும் வாசகர்களுக்கு அடுத்த கிழமை விடையெழுதுவோம்.